கடன்பட்டவர் யார்? – முதற் கடனட்டை குறித்து ஓர் அறவியல் நோக்கு

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி முதல் வேதனம் பெறும் இளைஞர் ஒருவர், ஓரிரு மாதங்களுக்குள்ளாகவே கடனட்டை ஒன்றைப் பெற்றுக்கொள்ளுமாறு அழைக்கப்படுகின்றார். எந்த அட்டையைத் தெரிவு செய்வது என்பது அவருக்கு இலாபநட்டக் கணக்காகவே தோன்றும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, எந்தக் கடையில் எத்தனை சதவீதம் கழிவு என்பனவே விளம்பரங்கள் அவர்முன் வைக்கும் வினாக்கள். ஆயினும் இத்தெரிவினுள் அறவியல் வினா ஒன்றும் அடங்கியுள்ளது. இன்று வாங்கி அனுபவிப்பவருக்கும் நாளை உழைத்துச் செலுத்துபவருக்கும் பெயர் ஒன்றுதான். எனினும் பின்னவரின் சம்மதத்தை முன்னவர் கேட்டறிய வழியில்லை. அவ்வாறாயின், முன்னவர் பின்னவரை எவ்வளவு தூரம் பிணை வைக்கலாம்?

தமிழில் ‘கடன்’ என்ற சொல் கொடுக்கவேண்டிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கின்றது. காலைக்கடன், பிதிர்க்கடன், நேர்த்திக்கடன் என்பவற்றில் வட்டியில்லை. ஆனால் தட்டிக்கழிக்கவும் முடியாது. ஜேர்மன் மொழியில் ‘ஷுல்ட்’ என்னும் சொல் கடனையும் குற்றத்தையும் குறிப்பதைக் கொண்டே நீட்சே 1887ஆம் ஆண்டில் ஒழுக்கத்தின் தோற்றம் பற்றிய தம் வாதத்தின் ஒரு பகுதியை அமைத்தார். வாக்குறுதி அளிக்கவல்ல விலங்காக மனிதன் பழக்கப்பட்ட வரலாற்றை, கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான உறவில் அவர் கண்டார்.

அவ்வுறவில் முன்னர் இரு முகங்கள் இருந்தன. கிராமத்துக் கடையின் கடன் கொப்பியை எழுதியவருக்கு எழுதப்பட்டவரின் குடும்பம், தொழில், வயலின் விளைச்சல் யாவும் தெரியும். அளவு மீறினால் அவரே “இனிமேல் முடியாது” என்று சொல்லிவிடுவார். இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது என் நோக்கமன்று. அதே கொப்பி சாதியையும் அந்தஸ்தையும் பார்த்தே திறந்தது. திருப்பிக் கொடுக்க முடியாதவர் தலைகுனிந்து நின்ற வரலாறும் உண்டு. மலையகத்தில் ‘துண்டு’ எனப்பட்ட சிறு கடதாசி இதனினும் கொடியது. தொழிலாளியின் கடன் தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். அதனைச் செலுத்துவதற்கு வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவர் அங்கிருந்து நகர முடியாது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. தாமே விரும்பிப் பெறும் அட்டையை அத்துண்டுடன் சமன்படுத்துவது அம்மக்களின் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். எனினும் ஒருவரின் கடன் அவருக்கு முன்னரே அடுத்த வாயிலைச் சென்றடையும் என்பதில் ஓர் ஒற்றுமை உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவேட்டில், 23 வயதில் தவறவிட்ட தவணை, பின்னர் வீட்டுக்கடன் கேட்டுச் செல்லும்போது எதிரே வந்து நிற்கக்கூடும்.

முகமற்ற கடனின் தொடக்கம் தெளிவானது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரவாசிகள் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலே, பாங்க் ஒவ் அமெரிக்கா தன் அட்டையைத் தபாலில் அனுப்பியது. பின்னர் 1976இல் ‘வீசா’ எனப் பெயர்பெற்றது இவ்வட்டையே. கேளாதவருக்கு அட்டை அனுப்புவதை அந்நாட்டுச் சட்டம் 1970இல் தடைசெய்தது. தடைசெய்யப்பட்டது தபால்தான்; தூண்டுதல் அன்று.

இவ்வியாபாரத்தின் இயல்பை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் 1,00,000 ரூபா கடன்பட்டுள்ளார் எனவும், வட்டி மாதத்துக்கு 2 சதவீதம் எனவும், ஆகக்குறைந்த கொடுப்பனவு நிலுவையின் 5 சதவீதம் எனவும் கொள்வோம். அவர் புதிதாக எதனையும் வாங்காது, மாதந்தவறாது அந்த ஆகக்குறைந்த தொகையை மட்டும் செலுத்தி வருகின்றார். கடன் அரைவாசியாகக் குறைவதற்கு 22 மாதங்கள் செல்லும். அதற்குள் அவர் செலுத்தியிருப்பது 82,000 ரூபாவுக்கு மேல். கடனில் குறைந்ததோ 50,000 மட்டுமே. அவர் எந்த விதியையும் மீறவில்லை. வங்கியின் பார்வையில் நல்ல வாடிக்கையாளர். மாறாக, மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்டி வட்டியே கொடாதவரை, கடனைக் கட்டாது ஏய்ப்பவருக்குரிய இழிசொல்லால் அழைப்பது அமெரிக்க அட்டைத் தொழிலினரின் வழக்கம். வாக்கைக் காப்பவர் ஏமாற்றுக்காரராகப் பெயர்பெறும் தொழிலொன்றில் ‘கடன்’ என்ற சொல்லின் மற்றைய பொருள் எங்கே போயிற்று எனக் கேட்கத் தோன்றுகின்றது.

“வயது வந்தவர் தம் பணத்தைத் தாமே ஆள்வதில் அறவியலுக்கு என்ன வேலை?” என ஒருவர் வினவலாம். இவ்வினாவுக்கு டெரெக் பார்பிற் 1984இல் வெளியிட்ட நூலில் தக்க விடையொன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தனக்கு நோய் வரக்கூடும் என்பதை அறிந்தும் பொருட்படுத்தாது புகைக்கத் தொடங்கும் சிறுவனை அவர் எடுத்துக்காட்டுகின்றார். தன் எதிர்காலத்துடன் ஒருவருக்குள்ள தொடர்பு நலிவுற்றதாயின், அவ்வெதிர்கால மனிதருக்கு இழைக்கும் தீங்கு வெறும் அறிவீனமாக நின்றுவிடாது. பிறருக்கு இழைக்கும் தீங்கைப் போன்று அறத்தவறும் ஆகும் என்பது அவர் கருத்து. இதனை முழுவதும் ஏற்காதோரும், அட்டை அத்தொடர்பை மேலும் தளர்த்துகின்றது என்பதை ஏற்பர். பிரெலெக், சிமெஸ்ரர் என்னும் ஆய்வாளர் இருவர் 2001இல் வெளியிட்ட பரிசோதனையில், கூடைப்பந்தாட்ட அனுமதிச்சீட்டுக்கு அட்டையால் செலுத்தவிருந்தோர், காசாகச் செலுத்தவிருந்தோரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விலை கூறினர். சீட்டு ஒன்றே, வலிதான் பிற்போடப்பட்டது.

21 வயது நிரம்பாதவர் தாமே திருப்பிச் செலுத்தும் வருமானத்தைக் காட்டவேண்டும், அன்றேல் பிணையாளி ஒருவர் ஒப்பமிடவேண்டும் என அமெரிக்கா 2009இல் விதித்தது. வயதெல்லை ஒன்றினால் மட்டும் விவேகம் வந்துவிடுமென நான் நம்பவில்லை. எமது நாட்டு அனுபவம் வேறொன்றையும் காட்டுகின்றது. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு விதித்தது. 2022 நெருக்கடியில் அவ்வரம்பு நீங்கியதும் வட்டி 30 சதவீதத்தையும் கடந்தது. வேதனம் அவ்வாறே உயரவில்லை. வாக்குக் கொடுத்தவர் ஒரு விலைக்குக் கொடுத்தார். காக்க நேர்ந்ததோ வேறொரு விலைக்கு.

ஆகவே முதல் அட்டையைத் தெரிபவர் கழிவுப் பட்டியலை விடுத்து, நாளைய தமக்குக் குறைந்த அதிகாரத்துடன் தீங்கிழைக்கும் அட்டை எதுவெனப் பார்ப்பதே முறை. நிலையான வைப்பொன்றைப் பிணையாகக் கொண்ட அட்டை இவ்வகையில் மேலானது. இழக்கக்கூடியதை இன்றைய மனிதரே முன்வைக்கின்றார். முழு நிலுவையும் மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகக் கழியுமாறு முதல் நாளிலேயே எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஏ.ரி.எம். இயந்திரத்தில் அட்டையைக் கொண்டு காசு எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும் என்பதை வங்கி உத்தியோகத்தர் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டறிய வேண்டும். கடன் எல்லையையும் வங்கி தீர்மானிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாத வேதனத்தின் அரைவாசிக்கு மேற்படாத தொகையொன்றைத் தாமே கேட்கலாம். உத்தியோகத்தர் வியப்புடன் நிமிர்ந்து பார்த்தாலும், அத்தொகையையே எழுதித் தருமாறு கேட்கலாம்.