நலம் தருவதெல்லாம் உண்மையாகுமா?
– கழுத்துச் சீராக்கல் பற்றிய விவாதத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு –

நோயுற்ற ஒருவன் ‘எனக்குச் சுகமாகிவிட்டது’ என்று கூறும்போது அதனை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. வலி அவனுடையது, அது நீங்கியதை அறிபவனும் அவனே. ஆனால், ‘இன்னார் கைபட்டதனாலேயே எனக்குச் சுகமாயிற்று’ என்று அவன் கூறும்போது நிலைமை மாறிவிடுகிறது. முன்னையது அனுபவம், பின்னையது அனுமானம். அனுபவத்துக்கு உரிய மதிப்பை அனுமானத்துக்கும் அப்படியே வழங்கிவிடுவதால் எழும் அறச்சிக்கலை, கைரோபிராக்டிக் எனும் மருத்துவமுறையின் கழுத்துச் சீராக்கலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடி திருத்தியபின் வாடிக்கையாளரின் தலையைப் பற்றி, ஒரு பக்கம் சட்டெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கத்தைச் சலூன்களில் கண்டவர் நம்மிற் பலர். இதனை ஒத்த ஒரு செயலே மேலைநாடுகளில் ஒரு கோட்பாடாகவும், கல்லூரிகளிற் பயிற்றப்படும் தொழிலாகவும் வளர்ந்துள்ளது. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், காந்த வைத்தியம் செய்துவந்த டானியல் டேவிட் பாமர் என்பார், தமது கட்டடத்தில் துப்புரவுப் பணியாளராயிருந்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகிற் புடைத்திருந்த முள்ளென்பொன்றைக் கையால் அழுத்திச் சீராக்கினார் என்றும், பல்லாண்டுகளாகக் காது மந்தமாயிருந்த லில்லார்டுக்கு மீண்டும் கேட்கத் தொடங்கியது என்றும் கூறுவர். இதிலிருந்து, நோய்களுட் பெரும்பாலானவை முள்ளென்புகள் இடம் பிசகி நரம்புகளைத் தாக்குவதனால் விளைபவை என்ற முடிவுக்குப் பாமர் வந்தார். 1897இல் அவர் நிறுவிய பள்ளி இன்றும் நிலைத்துள்ளது.

சைவசித்தாந்திகள் அறிவைப் பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். லில்லார்டின் கதையை இம்மூன்றினாலும் அளந்து பார்ப்போம். அவருக்குக் கேட்டது காட்சி. முள்ளென்பு நகர்ந்ததனாற்றான் கேட்டது என்பது கருதல். அதனைப் பாமர் உரைக்க மற்றையோர் நம்பியது உரை. இவற்றுள் நடுவில் நிற்பதே வலுவற்றது. கேட்டலுக்குரிய நரம்பு மண்டையோட்டினுள்ளேயே காதிலிருந்து மூளைக்குச் செல்கிறது. அது முதுகெலும்பின் வழியே செல்வதில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பர் நம் முன்னோர். காகம் இருந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. காகம் பழத்தை வீழ்த்தியது என்பதே ஐயத்துக்குரியது. பிரித்தானியாவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் பொதுப் பேரவையே, முள்ளென்புப் பிசகு நோய்க்குக் காரணமென உரிமை கோருவதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லையென 2010இல் அறிவித்தது.

எனின், கழுத்துச் சீராக்கல் முழுவதும் பொய்யென ஒதுக்கிவிடலாமா? கோட்பாடு பிழைத்தாலும் செயல் பயன்தரக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. கழுத்துவலி தானே கூடியும் குறைந்தும் வருவது. வலி மிகுந்த வேளையிலேயே மனிதர் வைத்தியரை நாடுவர். அதன்பின் இயல்பாகக் குறைவதும் வைத்தியத்தின் பயனாகவே தோன்றும். திருப்பும்போது எழும் ‘நெட்டி’ ஒலியோ எலும்பு தன்னிடத்துக்கு மீளும் ஒலியன்று. மூட்டினுள்ளிருக்கும் பாய்பொருளில் வாயுக்குழி தோன்றுவதோடு தொடர்புடையது. எனினும், அவ்வொலியைக் கேட்டவன் ஏதோ நேர்ந்துவிட்டதென நம்புகிறான். இயற்கையின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய ஒரே வழி, நோயாளரை எழுமாறாகப் பிரித்து ஒப்பிடுவதாகும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கழுத்துவலியுற்ற 272 பேர் மூன்று குழுக்களாக்கப்பட்டனர். முதுகெலும்புச் சீராக்கல் பெற்றோர் மருந்துண்டோரைவிடக் கூடிய நலம் பெற்றனர். ஆயின், வீட்டிற் செய்யும் எளிய பயிற்சிகளைக் கற்றுக்கொண்டோரும் சீராக்கல் பெற்றோரைப் பெரும்பாலும் ஒத்த அளவுக்கு நலம் பெற்றனர். இம்முடிவு இருதரப்பாரையும் சங்கடப்படுத்துவது. இழித்துரைப்போர்க்கு ‘சிறிது பயனுண்டு’ என்கிறது. புகழ்ந்துரைப்போர்க்கு ‘உமது கைக்கு மட்டும் உரியதன்று’ என்கிறது.

பயன் பற்றிய வினா இவ்வாறிருக்க, தீங்கு பற்றிய வினா இன்னும் கடினமானது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் முள்ளென்பு நாடிகள் இரண்டும் கழுத்து முள்ளென்புகளின் பக்கத் துளைகளினூடே மேலேறி, தலையைத் தாங்கும் முதல் முள்ளென்பருகே வளைந்து செல்கின்றன. கழுத்தைச் சட்டெனத் திருப்புகையில் நாடியின் உட்சுவர் கிழியுமாயின், அங்கு குருதி உறைந்து பாரிசவாதம் விளையலாம். இவ்வாறு நேர்வது மிக அரிது. நேரின் மீட்சியும் அரிதாகலாம். சீராக்கலின் பின் இளவயதினர் சிலர் பாரிசவாதத்துக்கு உள்ளான செய்திகள் மருத்துவ ஏடுகளில் வெளிவந்துள்ளன.

ஆனால் இங்கும் அதே காகம் வந்தமர்கிறது! கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒன்பது ஆண்டுகளில் இவ்வகைப் பாரிசவாதமுற்ற 818 பேரை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, அத்தகையோர் நோய்க்கு முன்னர் கைரோபிராக்டரிடம் சென்றிருந்ததைப் போலவே, கழுத்தைத் தொட்டுத் திருப்பாத பொது வைத்தியரிடமும் சென்றிருந்ததைக் காட்டிற்று. நாடி கிழியத் தொடங்கும்போதே கழுத்துவலியும் தலைவலியும் தோன்றும். அவ்வலியே அவர்களை வைத்தியரிடம் அனுப்பியிருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கையும், இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆயினும் காரணகாரிய உறவு நிலைநாட்டப்படவில்லை என்றே கூறிற்று. எனவே, ‘சீராக்கலின் பின் சுகம் வந்தது, ஆதலால் அதனால் வந்தது’ என்பதை மறுக்கும் நாம், ‘சீராக்கலின் பின் பாரிசவாதம் வந்தது, ஆதலால் அதனால் வந்தது’ என்பதை மட்டும் ஐயமின்றி ஏற்பது நேர்மையாகாது.

இவ்விவாதத்தில் இருதரப்பாரும் சான்றை விட்டு அதிகாரத்தை நாடிய வேளைகளும் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவம் பற்றிய குழுவொன்றை அமைத்து, கைரோபிராக்டரோடு தொழில்முறைத் தொடர்பு கொள்ளாவாறு தன் உறுப்பினரைத் தடுக்க முற்பட்டது. 1976இல் தொடுக்கப்பட்ட வழக்கில், இது வர்த்தகப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதச் சதியென 1987இல் நீதிபதி சூசன் கெற்சென்டானர் தீர்த்தார். மறுபுறம், குழந்தைகளின் வயிற்றுநோவு, ஆஸ்துமா முதலியவற்றைத் தீர்ப்பதாகக் கூறப்படுவதற்குச் சான்றில்லையென 2008இல் ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதிய சைமன் சிங் மீது பிரித்தானியக் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குத் தொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஏப்ரலில் சிங்குக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் வழக்கு கைவிடப்பட்டது. 2013ஆம் ஆண்டு அந்நாட்டு அவதூறுச் சட்டம் திருத்தப்படுவதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுதலாயிற்று. முதல் வழக்கிற் கைரோபிராக்டர் வென்றமையால் அவர்தம் முறை உண்மையாகிவிடவில்லை. இரண்டாவதில் அவர் பின்வாங்கியமையால் அது பொய்யாகிவிடவுமில்லை. எதிர்ப்போரின் வாயை அடைப்பது எவ்வழக்கிலும் சான்றாகாது.

இனி அறவினாவுக்கு வருவோம். பயனும் தீங்கும் ஐயத்துக்கு இடமாயிருக்கையில் வைத்தியனின் கடன் யாது? நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதே எமது துணிபு. ‘என் கை குணப்படுத்தும்’ என்று உரிமை கோருபவன் அதனை நிரூபிக்கக் கடமைப்பட்டவன். ‘இதனால் தீங்கு நேரக்கூடும்’ என்று எச்சரிப்பதற்கோ நிரூபணம் வேண்டுவதில்லை. நியாயமான ஐயமே போதும். பாலம் உறுதியானதெனச் சான்றளிக்கும் பொறியியலாளன் கணக்குக் காட்டவேண்டும். அதில் விரிசல் கண்டதாகக் கூவும் வழிப்போக்கனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. காரணகாரிய உறவு நிலைநாட்டப்படாத நிலையிலும் நோயாளர்க்கு இத்தொடர்பை அறிவிக்கவேண்டுமென அந்த 2014ஆம் ஆண்டு அறிக்கை கூறியதன் நியாயம் இதுவே.

அவ்வாறு அறிவித்தால் நோயாளி அஞ்சுவான், அச்சம் நம்பிக்கையைக் கெடுக்கும், நம்பிக்கை கெட்டால் நலமும் குறையும் என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. நம்பிக்கையும் ஒரு மருந்தென்பது மெய்யே. ஆயினும், மறைத்துப் பெறப்படும் நம்பிக்கை நோயாளியின் உடலுக்கு நலம் செய்து அவனது அறிவை அவமதிப்பதாகும். அதே அளவு நலத்தை வீட்டிற் செய்யும் பயிற்சியாற் பெறலாம் என்பதை அறிந்த ஒருவன் அப்பயிற்சியையே தெரிந்திருக்கக்கூடும். அத்தெரிவை அவனுக்குத் தெரியாமலே அவன் கையிலிருந்து பறிப்பதை அன்பு என்று அழைத்தல் பொருந்துமா? இக்கட்டளை கைரோபிராக்டருக்கு மட்டும் உரியதுமன்று. வலிநீக்கி மாத்திரைகள் சில இரைப்பையிற் குருதிப்பெருக்கை ஏற்படுத்தவல்லன. அதைக் கூறாது துண்டெழுதிக் கொடுக்கும் வைத்தியர், கழுத்தைத் திருப்புபவரை நோக்கி விரல் நீட்டும் தகுதியை இழந்துவிடுகிறார்.

கழுத்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதைவிடப் பெரிய நம்பிக்கை வேறு யாதுளது? கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பவன் தன் உயிரையே அக்கைகளில் வைக்கின்றான். அந்த ஒரு கணத்துக்கு முன்னர் அவனுக்குச் சொல்லப்படவேண்டியவை மூன்று: ‘இதனாற் சிறிது பயன் கிட்டலாம், வேறு வழியும் உண்டு, மிக அரிதாகப் பெருந்தீங்கு நேரலாம் என்ற ஐயமும் உண்டு.’ இவற்றைக் கேட்டபின்னும் அவன் தலையைச் சாய்ப்பானாயின், அது அவனது தெரிவு. அதனைத் தடுக்க நாம் யார்? கேளாமற் சாய்ப்பானாயின், அக்கைகள் அவனுக்கு நலமே செய்தாலும் அவனை ஏமாற்றியவையே ஆகும்.