மூச்சும் அதன் அளவும்

“கருவியை எடுக்கச் சொன்னால் நாங்களே கொன்றதாக ஆகிவிடுமா, சாமி?” தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் குடும்பத்தார் இக்கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். குருக்களாகிய நம்மிடம் மட்டுமன்று, ஒருவர் மற்றவரிடமும் கேட்டுக்கொள்கிறார்கள். அடக்கம் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டிருப்போரும் உளர். அறநூல்களைப் புரட்டி விடை கூறுமுன், அக்கருவி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

மருத்துவர்கள் ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ எனச் சுருக்கி வழங்கும் கடுமையான மூச்சுத்திணறல் நிலையை 1967ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு முதன்முதலில் விவரித்தனர். நிமோனியா, எலிக்காய்ச்சல், இரத்தத்தில் பரவிய தொற்று, பெருங்காயம் ஆகியவற்றுள் எது காரணமாயினும், நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீர் கசிந்து நிரம்புகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நம் இல்லங்களிலிருந்து பலரைப் பறித்ததும் இவ்வழியேதான். இத்தகைய நோயாளிக்கு வென்டிலேட்டர் மூச்சைத் தருகிறதேயன்றி நோயைக் குணமாக்குவதில்லை. உடல் தன்னைத்தானே சீர்செய்துகொள்ள அவகாசம் தருகிறது, அவ்வளவே.

அந்த மூச்சை எவ்வளவு தருவது? நெடுங்காலம் மருத்துவர்கள் ஒவ்வொரு மூச்சிலும், எடையின் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை காற்றைச் செலுத்தி வந்தனர். நீர் நிரம்பாத சிறு பகுதியே அத்தனைக் காற்றையும் தாங்க வேண்டியிருந்ததால் நலமான திசுக்களும் சிதைந்தன. 861 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 மில்லிலிட்டர் பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் இறந்தனர். 6 மட்டும் பெற்றோரில் இறந்தவர்கள் 31 பேரே. (இங்கு எடை என்பது உயரத்தைக் கொண்டு கணிக்கப்படுவது, உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை.) 2013ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வோ, கடும் நிலையிலுள்ளோரை நாள்தோறும் 16 மணி நேரமேனும் குப்புறப் படுக்கவைத்தால் 28 நாள்களுக்குள் நிகழும் இறப்பு நூற்றுக்கு 33இலிருந்து 16ஆகக் குறைவதைக் காட்டியது. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. குழாய் கழன்றுவிடாமல் புரட்டுவதற்கு நான்கைந்து பேரின் கவனமான கைகள் போதும்.

ஆக, ‘எல்லாவற்றையும் செய்யுங்கள்’ என்று நாம் மருத்துவரிடம் மன்றாடும்போது, மிகுதியாகச் செய்வதே மிகுந்த அன்பு என்று எண்ணிவிடுகிறோம். மருத்துவமோ அளவைக் கற்றுக்கொண்டது. அதுவும் பல உயிர்களை இழந்த பிறகு.

திருச்சபை இவ்வளவைப் பற்றி முன்னரே சிந்தித்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, ஆயுள் நீளும் என்று மருத்துவரே சொன்னாலும் விலையுயர்ந்த சிறப்புணவை உண்ணும் கடமை நோயாளிக்கு இல்லை என்று கற்பித்தார். 1952ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியோர்ன் இப்சென் என்னும் மருத்துவரின் யோசனைப்படி, ஏறக்குறைய 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு ஊட்டினர். தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இது. அடுத்த ஐந்தாண்டுகளிலேயே, இவ்வாறு ஊட்டப்படும் மூச்சை எப்போது நிறுத்தலாம் என்ற வினா உரோமைக்குச் சென்றது. 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கவியல் மருத்துவர்களுக்கு விடையளித்தார். ஆள், இடம், காலம் ஆகியவற்றை நோக்க, தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமை ஆகாத சாதாரண வழிமுறைகளைக் கையாளவே நாம் கடமைப்பட்டவர்கள் என்றார். சுமை தாங்கவொண்ணாததானால் நிறுத்தும்படி குடும்பத்தார் கேட்கலாம், மருத்துவரும் இசையலாம், அது கருணைக்கொலை ஆகாது என்றும் தெளிவுபடுத்தினார்.

‘பிறர்க்கோ’ என்ற அச்சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். நிலத்தை விற்றும் தாலியை அடகு வைத்தும் கட்டணம் செலுத்துகிற ஏழைக்கு, இதற்குமேல் இயலாது என்று சொல்ல உரிமை உண்டு. அவர் பாவம் செய்யவில்லை. ஆனால் செல்வருக்குச் சாதாரணமான ஒரு வழிமுறை ஏழைக்கு அசாதாரணம் ஆவது எதனால்? நோயினால் அன்று, நம்மால். இப்போதனை அக்குடும்பத்தின் மனச்சான்றை விடுவிக்கிறது. தெருவின் மறுபுறம் வாழும் நம் மனச்சான்றை விடுவிப்பதில்லை. திருவிழாவுக்கு வாணவேடிக்கை வேண்டுமா என்று கூடிப் பேசும் பங்குப் பேரவை, மருத்துவ உதவி நிதி பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறது?

மறுபுறத்து ஆபத்தையும் மறைக்கலாகாது. ஏ.ஆர்.டி.எஸ். முற்றிய புற்றுநோய் போன்றதன்று. வாரக்கணக்கில் கருவியில் கிடந்தவர்கள் எழுந்து வீடு திரும்பியதுண்டு. தளர்ச்சியும் மனக்கலக்கமும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தாலும், நுரையீரல் பெரும்பாலும் தேறிவிடுகிறது. ‘வயதாகிவிட்டது, போதும்’ என்று மூன்றாம் நாளே கைவிடுவது அளவறிதல் அன்று. மூன்றாம் நாள் கடமையாக இருந்தது, சிறுநீரகமும் கல்லீரலும் செயலிழந்த முப்பதாம் நாள் வெறும் சுமையாக மாறியிருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டியது, ‘பிழைப்பாரா?’ என்பதை மட்டுமன்று. ‘இன்னும் எத்தனை நாள் பார்த்து முடிவு செய்வீர்கள், அதற்குள் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள்?’ என்பதையும்தான். கருவி நிறுத்தப்பட்டாலும், திணறலைத் தணிக்கும் மருந்தும் நாவை நனைக்கும் நீரும் அருகிலிருப்போரின் கையும் நிறுத்தப்படக் கூடாதவை.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய தம் விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. எழுதிவைத்திருப்போர் நம்மில் மிகச் சிலரே. எழுதாதோருக்கும் ஒரு நேரம் கிடைப்பதுண்டு. தொண்டையில் குழாய் செலுத்தியபின் நோயாளி பேச இயலாது. மயக்க மருந்தும் தரப்படும். அதற்கு முந்திய சில நிமிடங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் பணம் கட்டும் இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரேனும் படுக்கையருகே நின்று, “அப்பா, உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கட்டும். குருவை அழைப்பதாயின் அப்போதே அழைக்கட்டும். நோயில்பூசுதல் சாவோருக்கு மட்டும் உரியதன்று. ஒப்புரவு அருட்சாதனம் பெற விரும்புவோருக்கோ பேசுவதற்கு மூச்சு வேண்டும்.