சரியான சான்றிதழும் கள்ளச் சான்றிதழும்



"பொய் சொல்லலாமா?" என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் "கூடாது" என்று உடனே சொல்லிவிடும். சரியான பதில்தான். ஆனால் தேவபிள்ளையே, இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்தே ஒரு மனுஷனைச் சாவுக்கு அனுப்ப முடியுமா? கள்ளச் சான்றிதழ் கொடுத்து ஒருவனைப் பிழைக்க வைத்தால், அது தேவனுக்கு முன்பாகப் பாவமா? ஐரோப்பாவில் 10 நாள் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் போனபோது இந்தக் கேள்விகள் என்னோடுகூடவே பயணம் பண்ணின.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹிட்லருடைய நாஜி அரசாங்கம் ஏறக்குறைய 60 இலட்சம் யூதரைக் கொன்றுபோட்டது. அது நடந்த இடங்கள் பலவற்றை இன்றைக்கு நினைவிடங்களாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றைக் காட்டுகிற ஒரு குழுவில் நானும் சேர்ந்து போனேன். மொத்தம் 24 பேர். அதில் தமிழ் பேசினவர்கள் 4 பேர். முள்வேலியையும் சூளையையும் பார்க்கப்போகிறோம் என்றுதான் நினைத்துப் போனோம். அவற்றையும் பார்த்தோம். ஆனால் போன இடமெல்லாம் எங்களுக்கு முன்னே வந்து நின்றது வேறொன்று. காகிதம்! பதிவேடு, பட்டியல், அடையாள அட்டை, முத்திரை.

முதலில் ஆம்ஸ்டர்டாம். அங்கே ஒரு கட்டிடத்தின் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. யுத்த காலத்தில் அந்த ஊர் ஜனங்களின் பதிவேட்டு அலுவலகம் அங்கேதான் இருந்தது. நெதர்லாந்து அரசு ஊழியர்கள் வேலையில் சுத்தமானவர்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார், என்ன மதம் என்பதெல்லாம் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தார்கள். 1941 ஜனவரியில் யூதரெல்லாரும் தங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த தேசத்தில் இருந்த ஏறக்குறைய 1 இலட்சத்து 40 ஆயிரம் யூதரில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவேயில்லை. பிழையில்லாத பதிவேடு வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியாகிவிட்டது.

1943 மார்ச் 27 இரவில் சிலர் போலீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, பத்திரமாக வெளியே கிடத்திவிட்டு, பதிவேடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஒருவரையும் கொல்லவில்லை. ஆனாலும் எரிந்தது ஒரு பகுதிதான். பிடிபட்டவர்களில் 12 பேரை அந்த வருஷம் ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்தது ஹார்லெம். கோரி டென் பூம் அம்மையாரைப்பற்றி நம்மில் பலர் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவர்களுடைய வீடும் கடிகாரக் கடையும் 1988 முதல் நினைவு இல்லமாயிருக்கிறது. கோரி படுக்கையறையில் கள்ளச்சுவர் ஒன்று எழுப்பி, அதற்குப் பின்னால் ஆட்களை ஒளித்து வைத்தார்கள். 1944 பிப்ரவரி 28-ல் நாஜிகள் வந்து குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, சுவருக்குப் பின்னால் 6 பேர் இருந்தார்கள். அந்த 6 பேரும் கண்டுபிடிக்கப்படவேயில்லை. ஆனால் 84 வயதான தகப்பனார் சிறைக்குப் போன சில நாட்களில் மரித்தார். அக்காள் பெட்சி அந்த டிசம்பரில் ராவன்ஸ்புருக் முகாமில் மரித்தார்கள்.

அந்த வீட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு எப்படி? ரேஷன் அட்டை இல்லாமல் ரொட்டி கிடையாது. யூதருக்கு அட்டை கிடையாது. ரேஷன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் கோரி போய் 100 அட்டை கேட்டார்கள். அவர் தன் அலுவலகத்திலேயே கொள்ளை நடந்ததுபோல் ஒரு நாடகம் நடத்தி, அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ரொட்டி பொய்யின் வழியாக வந்தது!

அதே குடும்பத்தில் இன்னொரு அக்காள், நோலி. அவர்கள் பொய்யே சொல்லமாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் அங்கிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, இவள் யூதப் பெண்ணா என்று கேட்டபோது, ஆமென்று சொல்லிவிட்டார்கள். இருவரும் பிடிபட்டார்கள். கோரிக்கு இது தாங்கவில்லை. ஆனால் சில நாட்களுக்குள் அந்தப் பெண்ணை அடைத்துவைத்த இடத்துக்குள் இரகசியமாக நுழைந்த சிலர், அவளையும் மற்றவர்களையும் விடுவித்துவிட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினதும் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். எங்களோடு வந்த ஒரு அம்மா, ரிட்டயர்டு டீச்சர், திட்டமாகச் சொன்னார்கள்: "பாருங்க பிரதர், உண்மையைச் சொன்னாங்க, கர்த்தர் காப்பாத்தினார். பொய் பொய்தானே? அதுல பெரிசு சின்னதுன்னு ஏதாவது இருக்கா?"

பக்கத்து சீட்டில் இருந்த தம்பி விடவில்லை. "ஆன்ட்டி, அந்தப் பொண்ணை யாரும் மீட்காம இருந்திருந்தா? நாம உண்மை பேசினோம்னு சந்தோஷமா இருந்திருக்க முடியுமா? போனது அவ உயிராச்சே!"

அம்மா பதில் சொல்லவில்லை. பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள்.

பெர்லினில் கேட்டது எங்களை இன்னும் அதிகமாய் உலுக்கினது. 1933 ஏப்ரல் 7-ல் வந்த ஒரு சட்டத்தின்படி அரசு வேலையில் இருக்கிறவர்கள் தாங்கள் யூத வம்சம் அல்ல என்று காட்டவேண்டியதாயிற்று. தாத்தா பாட்டி வரைக்கும் சான்று வேண்டும். ஜெர்மனி முழுவதும் அரசாங்கமே பிறப்புப் பதிவு செய்தது 1876 முதல்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எது ஆதாரம்? சபையின் ஞானஸ்நான ரிஜிஸ்தர்! ஜனங்கள் சபை அலுவலகங்களுக்கு முன்பாக வந்து நின்றார்கள். குருமாரும் குமாஸ்தாக்களும் பழைய ரிஜிஸ்தரைத் திறந்து, பெயர் பார்த்து, நகல் எழுதி, சபை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பெயர் இருந்தவன் தப்பினான். பெயர் இல்லாதவன் யாரென்று தானாகவே தெரிந்துபோயிற்று.

அதோடு நிற்கவில்லை. 1936-ல் பெர்லினில் பழைய சபைகளின் ரிஜிஸ்தர்களை ஒரே அலுவலகத்தில் சேர்த்து, யூதராய்ப் பிறந்து கிறிஸ்தவர்களானவர்களைத் தேடித் தேடித் தனி அட்டை எழுதினார்கள். அந்த அலுவலகத்தை நடத்தினவர் ஒரு போதகர்! இரட்சிப்பின் சந்தோஷத்தில் ஒருவன் ஞானஸ்நானம் எடுத்தான். அந்தப் பக்கமே அவனைக் காட்டிக்கொடுத்தது. ஐயோ, ஜீவபுஸ்தகத்தை நினைப்பூட்டவேண்டிய புஸ்தகம் அல்லவா அது?

அந்தக் குமாஸ்தா எழுதினதில் ஒரு பொய்யும் இல்லை. தேதி சரி, பெயர் சரி, முத்திரை சரி. கேட்டால், "நான் எழுதி மட்டும்தானே கொடுத்தேன்" என்று சொல்லியிருப்பார். அவரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனவர்தான்.

அதே நகரத்தில் குரூனேவால்ட் ரயில் நிலையத்தின் 17-வது தண்டவாளத்துக்குப் போனோம். 1998 முதல் அது நினைவிடம். இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகள், மொத்தம் 186. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தேதி, எத்தனை யூதர், எங்கே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். முதல் ரயில் அங்கிருந்து புறப்பட்டது 1941 அக்டோபர் 18-ல். கடைசித் தகட்டின் தேதி 1945 மார்ச் 27. ஜெர்மனி தோற்று யுத்தம் முடிய ஆறு வாரமே இருந்த சமயம்! எல்லாம் கணக்குப் பிசகாமல் எழுதி வைத்தவை. டீச்சர் அம்மா தகடு தகடாக நடந்துபோய் எண்களை வாசித்தார்கள். பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

போலந்தில் ஆஷ்விட்ஸ். அந்த ஒரு முகாமில் மட்டும் ஏறக்குறைய 11 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் யூதர். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. பெட்டிகளின்மேல் பெரிய எழுத்தில் பெயர், ஊர். அடையாளத்துக்குப் பெயர் எழுதியிருந்தால் பெட்டி திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார்களே! அதைப்பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அங்கே நாங்கள் பேசவுமில்லை.

கடைசியாக ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட். டான்யூப் ஆற்றங்கரையில் இரும்பில் செய்த 60 ஜோடி செருப்புகள், பூட்ஸுகள். 2005-ல் வைத்தார்கள். ஹங்கேரி நாஜிகள் யூதரைக் கரையில் நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளின இடம். அந்த நகரத்தில் கார்ல் லூட்ஸ் என்ற சுவிட்சர்லாந்து தூதரக அதிகாரி இருந்தார். மெத்தடிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவர். 8,000 பேருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 8,000 பேர் அல்ல, 8,000 குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டார். 1 முதல் 8,000 வரை எண் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் 1-லிருந்து ஆரம்பித்தார்! பல்லாயிரம் பேர் பிழைத்தார்கள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பினபோது, அதிகாரத்தை மீறினீர் என்று அவருடைய அரசாங்கமே அவரைக் கண்டித்தது.

பெர்லினில் சரியான எண். டான்யூப் கரையில் கள்ள எண். எது தேவனுக்குப் பிரியமாயிருந்திருக்கும்?

வேதத்துக்கு வருவோம். யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பார்வோனிடம் சாக்குச் சொல்லி ஆண்பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார்கள். தேவன் அவர்களைக் கண்டித்ததாக அங்கே எழுதியில்லை; அவர்களுக்கு நன்மை செய்ததாகவே எழுதியிருக்கிறது. ராகாப் வேவுகாரரை ஒளித்துவைத்து, போய்விட்டார்கள் என்று சொன்னாள். அவளும் விசுவாச வீரர் வரிசையில் இருக்கிறாள். பொய்ச்சாட்சியைக் குறித்த கட்டளையை நிதானித்து வாசித்துப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு ஆள் நிற்கிறான்: பிறன். அவனுக்கு விரோதமாக நம் நாவு எழும்பக்கூடாது என்பதற்காகவே அந்தக் கட்டளை. அப்படியானால் பிறனுக்கு விரோதமாக எழும்புகிற சரியான சான்றிதழை என்னவென்று சொல்லுவது? தகவல் சரியாயிருக்கலாம், அது சத்தியம் ஆகிவிடாது. சத்தியம் ஒருவனுடைய இரத்தத்தைத் தேடாது.

ஆனால் கவனம்! "அப்போ பொய் சொல்லலாம்னு எழுதிட்டாரே" என்று யாரும் இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம். கள்ள பில் போடுகிறவனும், வயதைக் குறைத்து எழுதுகிறவனும் கார்ல் லூட்ஸ் அல்ல. வித்தியாசம் இதுதான்: லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு? நாம் சாதாரணமாய்ச் சொல்லுகிற பொய்யில் லாபம் நமக்கு, நஷ்டம் அடுத்தவனுக்கு. ஹார்லெமில் சொன்ன பொய்யில் ஜீவன் அடுத்தவனுக்கு, சிறை தங்களுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

நோலியின் விஷயம்? அவர்களை நியாயந்தீர்க்க எனக்கு வாயில்லை. தன் சிறையையும் ஏற்றுக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் ஒருதரம் தேவன் அற்புதம் செய்தார் என்பதற்காக, அடுத்தவனுடைய உயிரைப் பந்தயமாக வைத்து நாம் சுத்தமாயிருக்கலாம் என்று சட்டம் போட முடியுமா? 17-வது தண்டவாளத்தில் மீட்கப்படாதவர்களின் எண்ணிக்கை எழுதியிருக்கிறது. விமான நிலையத்தில் டீச்சர் அம்மா என்னிடம் சொன்னார்கள்: "பொய் பொய்தான் பிரதர், அதுல எனக்கு மாத்தம் இல்ல. ஆனா அந்த வீட்ல நான் இருந்திருந்தா, பொய் சொல்லிட்டு கர்த்தர் முன்னால போய் விழுந்திருப்பேன்." எங்கள் 4 பேரில் அவர்கள்தான் அதிக நேர்மையாய்ப் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

பிரியமானவர்களே, நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனா இருக்கிறது. ஆபீஸில் ஒரு ஃபைல், சபையில் ஒரு சிபாரிசுக் கடிதம், வீட்டுக்காரர் வாடகைக்காரனைப்பற்றிக் கேட்கிற ஒரு வார்த்தை. "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று சொல்லி முடித்துக்கொள்ளாதிருங்கள். இதை யார் வாசிக்கப்போகிறார், வாசித்து அந்த மனுஷனை என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். கேட்ட பிறகு கை நடுங்கினால், நடுங்கட்டும். அந்தக் குமாஸ்தாக்களில் எத்தனை பேருக்குக் கை நடுங்கினது?

கர்த்தாவே, என் கையெழுத்து யார்மேல் போய் விழுகிறது என்று எனக்குக் காட்டும். ஆமென்.