ஒரு டொலரும் ஒரு கையொப்பமும்

கடந்த பனிக்காலத்தில் ஒருநாள், ரொறன்ரோவில் ஒரு மருத்துவமனையில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு 22 வருடமாகச் சலரோகம். வழமையான பரிசோதனை முடிந்ததும் தாதி ஒரு படிவத்தை நீட்டினார். ஒரு பல்கலைக்கழகமும் அந்த மருத்துவமனையும் ஒரு மருந்துக் கம்பனியும் சேர்ந்து நடத்தும் ஆய்வு. இரண்டு குழாய் இரத்தமும், அம்மாவின் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க அனுமதியும் வேண்டும் என்றார்கள்.

படிவம் 9 பக்கம். நான் வாசித்து முடிக்கும்வரை அம்மா பொறுமையாக இருந்தார்.

"என்னவாம் தம்பி?"

"ஆராய்ச்சிக்கு இரத்தம் கேக்கினம் அம்மா. வருங்காலத்தில நல்ல மருந்து வருமாம்."

அம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஒன்பது பக்கத்திலயும் இதுதானோ கிடக்கு?"

இது மட்டும் இல்லை. ஏழாம் பக்கத்தில் ஒரு பந்தி இருந்தது. இந்த இரத்தத்திலிருந்து பெறப்படும் அறிவு விற்பனைப் பொருளாகலாம். அதில் வரும் வருமானத்தில் பங்கேற்பவருக்கு உரிமை எதுவும் இல்லை. அதை நான் வாசித்தேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. ஆனால் 'கம்பனி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆராய்ச்சி' என்ற சொல்லை மட்டும் கொடுத்தேன். அந்த இடத்திலேயே அம்மாவுக்கான முடிவை நான் எடுத்துவிட்டேன்.

அன்று படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்தேன். அறிவு தூய்மையானது, வியாபாரம் அழுக்கானது என்ற ஒரு பிரிவினை என் மனதில் இருந்திருக்கிறது. அந்த அழுக்கை அம்மாவின் கண்ணில் படாமல் மறைத்தால் மிச்சம் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறேன். ஆனால் அம்மா தினமும் வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசியின் வரலாறு அந்தப் பிரிவினையை ஏற்பதில்லை.

அந்த வரலாறு நாங்கள் வாழும் இதே நகரத்தில் நடந்தது. 1921இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், மக்லியொட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில், பான்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்துக் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். கொலிப் அதைச் சுத்திகரித்தார். 1922 ஜனவரி 11ஆம் திகதி, ரொறன்ரோ ஜெனரல் மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு போதிய அளவு சுத்தமாக இல்லாததால் அது சரிவரவில்லை. 12 நாள் கழித்து, கொலிப்பின் மேம்பட்ட சாறு வேலை செய்தது. சாவின் வாசலில் கிடந்த பிள்ளை மேலும் 13 வருடங்கள் வாழ்ந்தான்.

பிறகு நடந்ததை எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். பான்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் காப்புரிமையைத் தலா 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விற்றார்கள். நானும் இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அதன் அடுத்த பகுதியை விட்டுவிடுவேன். ஏழாம் பக்கத்தை விட்டதுபோலத்தான்.

அடுத்த பகுதி இது. பல்கலைக்கழகத்தின் கொனோட் ஆய்வுக்கூடத்தால் தேவையான அளவு இன்சுலினைத் தயாரிக்க முடியவில்லை. 1922 வசந்தத்தில் கொஞ்சக் காலம் செய்முறையே கைநழுவிப் போனது. நோயாளிகளோ காத்திருக்க முடியாதவர்கள். அந்த வருடம் மே மாதத்தில் பல்கலைக்கழகம் இந்தியானாபொலிஸ் நகரத்தின் எலை லில்லி கம்பனியோடு ஒப்பந்தம் செய்தது. மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து பெருமளவில் மருந்து செய்யும் வழியைக் கம்பனியின் வேதியியலாளர்கள் கண்டார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த 1 டொலர்த் தியாகம் ஆய்வுக்கூடத்துக் குப்பிகளுக்குள்ளேயே முடங்கியிருக்கும். கம்பனி இந்தக் கதையில் வில்லன் இல்லை.

ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு எல்லை இருந்தது. அமெரிக்காவில் தனியுரிமை ஓராண்டுக்குத்தான். லில்லி தன் சுத்திகரிப்பு முறைக்குத் தனிக் காப்புரிமை தேடியபோதும், பல்கலைக்கழகம் தன் பிடியை விடாமல் மற்ற உற்பத்தியாளர்களுக்கும் உரிமம் வழங்கியது. அந்த 1 டொலரின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அது வெறும் தானமாக நின்றிருந்தால் கதையோடு முடிந்திருக்கும். அதை வைத்துப் பல்கலைக்கழகம் மேசையில் இருந்து நிபந்தனை பேசியது.

அந்தப் பிடி காலம் முழுவதும் நிலைக்கவில்லை. பழைய காப்புரிமை முடிந்தது. புதிய வகை இன்சுலின்கள் புதிய காப்புரிமைகளோடு வந்தன. கொனோட்டைப் பல்கலைக்கழகம் 1972இல் விற்றது. அமெரிக்காவில் 1996இல் 21 டொலராக இருந்த ஒரு குப்பி ஹியுமலொக்கின் பட்டியல் விலை, இருபது வருடம் கடந்தபோது 275 டொலரை எட்டியது. 2019இல் அமெரிக்க நோயாளிகள் பஸ்ஸிலும் காரிலும் எல்லை கடந்து ஒன்ராறியோவுக்கு இன்சுலின் வாங்க வந்தார்கள். அவர்கள் வந்த ஊர்களில் ஒன்று லண்டன். 1920இல் பான்டிங்குக்கு இன்சுலின் பற்றிய யோசனை ஓர் இரவில் தோன்றியது அந்த ஊரில்தான். பலத்த கண்டனங்களுக்குப் பிறகு, 2023இல்தான் லில்லி பட்டியல் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது.

கொடுத்தவர்களின் மனம் நல்லதாக இருந்தால் போதும் என்று நாங்கள் நினைக்கிறோம். போதாது என்பதைத்தான் இந்த நூறு வருடம் காட்டுகிறது. மனிதர்கள் மாறுவார்கள், நிறுவனங்கள் கைமாறும். எழுத்தில் இல்லாத நன்மை எழுதியவரோடு போய்விடும்.

லெனார்டுக்கு ஊசி போட்ட அந்த மருத்துவமனையின் கொலிஜ் வீதிப் பழைய கட்டடம் இன்று மார்ஸ் என்ற புத்தாக்க மையத்தின் பகுதி. பல்கலைக்கழகம், மருத்துவமனை, முதலீட்டாளர் எல்லோரும் சந்திக்கும் இடம். நான் வேலைக்குப் போகும்போது அதைக் கடந்து போவேன். படுக்கைகள் இருந்த இடத்தில் இப்போது மேசைகள். அந்த மேசைகளில் நோயாளிக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். ஏழாம் பக்கத்தைச் சொல்லுக்குச் சொல் வாசித்தேன். அன்று மறைத்ததையும் ஒப்புக்கொண்டேன். அம்மா கோபிக்கவில்லை. "எனக்கு விளங்காதெண்டு நினைச்சனியோ?" என்று மட்டும் கேட்டார். அது கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

பிறகு பெரியமாமாவைப் பற்றிப் பேசினார். 1990களின் யாழ்ப்பாணத்தில், மின்சாரம் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இன்சுலின் குப்பியைப் புதைத்து வைத்திருந்தவர் மாமா. கப்பல் பிந்திய ஒரு மாதத்தில் அந்தக் குப்பியும் முடிந்துபோனது. மாமாவும் அந்த வருடமே போய்விட்டார். இங்கே அம்மாவுக்கு 65 வயது கடந்தபடியால் ஒன்ராறியோ அரசு பெரும்பாலான செலவை ஏற்கிறது. ஒரே வருத்தம், ஒரே மருந்து. ஆனால் ஆள் நின்ற இடம் வேறு.

"இவையள் காசு உழைக்கிறதெண்டால் உழைக்கட்டும். சும்மா ஆர் செய்வினம்? ஆனால் மருந்து வந்தால் அது ஊரில இருக்கிற சின்னம்மாவுக்கும் வாங்கக்கூடிய விலைக்கு வருமோ? அதைக் கேட்டுச் சொல்லு."

9 பக்கங்களையும் மறுபடி தேடினேன். அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அம்மா கையொப்பம் இட்டார். "முதல் ஊசி போடேக்க அந்தப் பொடியன்ர தாய் தேப்பனும் பயந்துதானே இருந்திருப்பினம்" என்றார். கையொப்பத்தின் கீழே, அம்மா சொல்லச் சொல்ல, அவருடைய கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. படிவத்தை வாங்கிய தாதி அதை இரண்டு தரம் வாசித்தார். இதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் தனக்கில்லை, மேலே அனுப்புகிறேன் என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும்போது அம்மா என்னிடம் அதைக் கேட்கச் சொல்கிறார். நானும் கேட்கிறேன்.