நிற்கும் வண்டியின் பாரம்

அக்காவின் மகனுக்கு இருபது வயது. என் பழைய ஸ்கூட்டியில்தான் ஓடப் பழகினான். இப்போது அவன் கேட்பது 200 சி.சி. பல்சர். "மாமா சொன்னா அம்மா ஓமெண்டுவா" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க் கடையில் இந்தக் கதையை நான் எடுத்தது பிழை. பிளேன்டீ ஆறுமுன் கடை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"முதல் வண்டிக்கு நூறு காணும் தம்பி. அதுக்கு மேல போறது காலனைக் கூப்பிடுற வேலை" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர். துறைமுகத்தில் வேலை செய்யும் பொடியன் விடவில்லை. "அக்சிலேட்டர் எங்கட கையிலதானே சேர் இருக்கு? நாங்க முறுக்காட்டி அது ஏன் பறக்குது?" மீன்பெட்டி கட்டிய வண்டியோடு நின்றவர் கதையைக் கடலுக்கு இழுத்தார். பதினைந்து குதிரை மிசினில் பழகினவன் நாற்பது குதிரையில் கைவைத்தால், முதல் நாள் படகு மூக்கைத் தூக்கத்தான் செய்யுமாம்.

கேட்டுக்கொண்டிருக்க ஒன்று விளங்கியது. மருமகனைப் பற்றி ஒருவருமே பேசவில்லை. ஆசிரியர் வாழ்நாளில் 90 சி.சி.க்கு மேல் ஏறியதில்லை. பொடியனின் 150 வெளியே நின்றது. அதற்கு லீசிங் இன்னும் முடியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வாயைத் திறந்தால் எனக்கும் என் பயம்தான் முதலில் வந்திருக்கும்.

சட்டத்தைக் கேட்டாலும் பெரிய உதவி இல்லை. இலங்கையில் 100 சி.சி. வரை ஏ1, அதைத் தாண்டினால் ஏ. அதாவது 125உம் 350உம் ஒரே வகுப்பு. பிரிட்டனில் பழகுபவருக்கு 125 சி.சி.யோடு 11 கிலோவாட் என்று வலுவுக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். அது கொஞ்சம் புத்தியான ஏற்பாடு. ஏனென்றால் சி.சி. மட்டும் ஆளை ஏமாற்றும். 350 சி.சி. என்ஃபீல்ட் கிளாசிக் ஏறத்தாழ 20 குதிரை, 200 சி.சி. கே.டி.எம். டியூக் ஏறத்தாழ 25. ஆனால் என்ஃபீல்டின் எடை 195 கிலோ. இதில் எது பெரிய வண்டி? (2022இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில், குடிக்கிற வண்டிதான் பெரிய வண்டி.)

அமெரிக்காவில் ஹரி ஹேர்ட் என்பவரின் குழு லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. கடையின் இரண்டு கட்சிக்கும் அதில் தீனி உண்டு. பெரிய வண்டிகள் விபத்தில் சிக்கியது அவற்றின் எண்ணிக்கைக்குக் குறைவு. சிக்கினால் காயம் மோசம். என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு வரி. விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியை ஓடத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அவர்கள் வீதிக்குப் புதியவர்கள் அல்ல. மொத்த அனுபவம் சராசரியாக மூன்று வருடத்துக்குக் கிட்ட.

அந்தக் கணக்கில் நானும் சேர்த்தி. எட்டு வருடம் ஹொண்டா எம்.டி. 90 ஓடியவன், 2003இல், சமாதான காலத்தில், ஒரு பழைய சி.டி. 200 வாங்கினேன். மூன்றாம் கிழமை, வெள்ளிக்கிழமை, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோவிலுக்குப் போனோம். கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒரு மான் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி அழகாக நின்றது. இடது காலை ஊன்றினேன். தாருக்கு மேல் மெல்லிய மணல். கால் வழுக்க வண்டி ஒரு விரற்கடை சாய்ந்தது. எம்.டி. 90 என்றால் இடுப்பால் ஒரு தள்ளு போதும். இது கேட்கவில்லை. ஓட்டமே இல்லாமல், மரம் சாய்வதுபோல் மெதுவாக, வண்டியோடு சேர்த்து மூவரும் விழுந்தோம். கோணேசருக்கு உடைக்கக் கொண்டுபோன தேங்காய் வாசலிலேயே உடைந்தது. டாங்கி மூடியால் பெற்றோல் ஒழுகிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் ஓடிவந்து ஒருபக்கம் பிடித்திராவிட்டால் நான் வண்டியைத் தூக்கியிருக்க மாட்டேன். இடது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மான் நகரவே இல்லை.

ஆசிரியரும் பொடியனும் வேகத்தைப் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள். என்னை விழுத்தியது வேகம் இல்லை. சந்தியில் நிற்கும்போது, மணலில் திருப்பும்போது, ஆள் ஏற்றும்போதுதான் புது வண்டி தன் பாரத்தைக் காட்டும். அதை நிலாவெளி வீதியில் நேராக ஓடிப் பார்த்து அறிய முடியாது.

அதனால் மருமகனுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, நிபந்தனைதான் வைத்தேன். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும். சாய்த்துப் போட்ட வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். எடுத்த பிறகு ஐந்து மாதம் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, கந்தளாய்க்கு அப்பால் யானைக் காட்டு வீதியில் இரவில் போகக்கூடாது. எனக்குத் தெரிந்த கராஜ் பாஸிடம் ஒரு பழைய 200 நிற்கிறது. "வரச் சொல்லுங்க, நானே சாய்ச்சு விடுறன்" என்றார் அவர்.

சொல்லி மூன்று சனிக்கிழமை போய்விட்டது. மருமகன் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.