ஐந்து திர்ஹம் அங்கி

 

நிக்காஹ் நாள் குறித்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு மஹரைப் பற்றியதன்று, மணப்புடவையைப் பற்றியதாகும். நம்மில் பலர் ஜவுளி விற்றுப் பிழைப்பவர்கள். அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதைக் கடையிலேயே கண்டுவருகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் நம் கடைக்கு வந்தார். பெண், தாயார், பெரியம்மா, மாமிமார் இருவர், மாப்பிள்ளை வீட்டார் மூவர் என்று பெருங்கூட்டம். 700 வெள்ளிக்குள் எடுக்க வந்தவரை, நம் கடைப் பையன் 2,300 வெள்ளிப் பட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். கல்லாவில் இருந்த நாமும் அதைக் கண்டு மகிழ்ந்தோம், மறைப்பானேன்? பணத்தை எண்ணிவைக்கையில் அவர் விரல்கள் நடுங்கின. பாதியைப் பேரேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். உடுத்தப்போகும் பெண்ணிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிரவு, மதரஸாவில் உஸ்தாது ஓதிக்கொடுத்த ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வந்தது. புகாரி ஷரீபில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஐந்து திர்ஹம் பெறுமான முரட்டுத் துணி அங்கி ஒன்றை அணிந்திருந்தார்கள். அதை வீட்டில் உடுத்தவும் தம் பணிப்பெண் கௌரவம் பார்ப்பதாக, வந்தவரிடம் சொன்னார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலோ அப்படிப்பட்ட அங்கி ஒன்று அன்னையிடம் இருந்தது. மதீனாவில் எந்தப் பெண்ணை அலங்கரித்தாலும் அதை இரவல் கேட்டு ஆள் அனுப்பாமல் இருந்ததில்லையாம். மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குதல் என்னும் தலைப்பிலேயே இமாம் புகாரி இதைப் பதிந்திருக்கிறார்கள்.

சகோதரர்களே! ஓர் அங்கி, எத்தனை மணப்பெண்கள்! அவர்களில் எவருக்கு மதிப்புக் குறைந்தது? இந்நாட்டு மலாய்ச் சகோதரர்களிலும் பலர் 'மாக் அண்டாம்' என்னும் அலங்காரக்காரரிடம் மண உடையை வாடகைக்கு எடுக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்த வெட்கம்?

அழகாக உடுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் அலங்கரித்துக்கொள்ளவும் சொல்கிறது. வரம்பு மீறாதிருக்கவும் சொல்கிறது. ஆகவே தொகையை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு புறப்படுங்கள். பெண்ணும் தாயும் போனால் போதும். பெண்ணின் விருப்பத்தை முதலில் கேளுங்கள். அவள் உடுத்திப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, ருகூவுக்குக் குனிந்து பார்க்கட்டும். ஒளுச் செய்யக் கை மடங்குமா என்றும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவிட்ட உடை கலையுமே என்று மணநாளில் மஃரிபைக் களாவாக்கும் வீடுகளை நாம் அறிவோம். மாப்பிள்ளைக்குப் பட்டு ஆகாது. அந்த மட்டில் செலவு மிச்சம்!

கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். தகப்பனார் ஒரு தொகையைச் சொன்னால், அதற்கு மேற்பட்ட பட்டை அவர் முன் விரிக்காதீர்கள். பையன்களுக்கும் சொல்லிவையுங்கள். நம் கடையில் சொல்லிவிட்டோம். விற்பனை சற்றுக் குறைந்தது உண்மைதான்.

அந்தத் தகப்பனாரின் கணக்கில் இன்னும் 400 வெள்ளி நிற்கிறது. நாம் கேட்கவில்லை. இவ்வாண்டு அவருடைய இளைய மகளுக்கு நிக்காஹ் வந்தது. நம் மூத்த மகளின் மணப்பட்டை நம் வீட்டார் கொடுத்தனுப்பினார்கள். பெண் தானே வந்து வாங்கிப்போனாள். கரையில் சிறு சந்தனக் கறையோடு திரும்பிவந்தது. நிழலில் உலர்த்தி, சரிகை முறியாதபடி மடிப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஷவ்வாலில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும்.