எத்தனை அடிப்பது?

கோவையில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். ஓவர்சைஸ் டீ-ஷர்ட், ஹூடி, தொப்பி, ஸ்டிக்கர், துணிப்பை என்று இளவட்டங்கள் கேட்பதெல்லாம் கிடைக்கும். அவற்றில் அச்சடிக்கும் படம் எங்களுடையது, துணியும் தையலும் திருப்பூர். எந்தப் படம் ஓடும் என்பதுகூட ஓரளவு பிடிபட்டுவிடும். அதை எத்தனை அடிப்பது என்பதுதான் பிடிபடுவதில்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும். ஐம்பது அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால் பட்டறைக்காரர் எப்போதும் "சேர்த்து அடிச்சுக்குங்க, பீஸுக்குக் கம்மியா வரும்" என்பார். கணக்கு சரிதான். ஆனால் எம்மும் எல்லும் போன பிறகு எஸ்ஸும் டபுள் எக்ஸலும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பீஸுக்கு மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கே முடங்கிவிடும்.

முடங்குவது காசு மட்டுமா? சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டில்தான் இன்று அங்கே சாயம் ஏறுகிறது. அத்தனை பாடுபட்டுக் கறுப்பேறிய துணியை விற்காமல் மடித்து வைத்திருக்கும்போது, அதன் செலவு என் கல்லாவோடு முடிவதில்லை என்பது உறைக்கும்.

கொஞ்சமாகச் செய்வது இந்தத் தொழிலில் புதிதல்ல. 1994-இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் சுப்ரீம் என்ற கடையைத் தொடங்கிய ஜேம்ஸ் ஜெபியா, யாருக்கும் வேண்டாத சரக்கு கையில் தங்கிவிடக் கூடாது என்பதற்காகவே குறைவாகச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். சின்னக் கடைக்காரனின் நியாயமான பயம் அது. ஆனால் கிடைக்காது என்பதே பிறகு சரக்காகிவிட்டது. 2016-இல் சுப்ரீம் பெயர் பதித்த ஒரு செங்கல்லை 30 டாலருக்கு விற்றார்கள். அதையும் சிலர் வாங்கி, கூடுதல் விலைக்குக் கைமாற்றினார்கள். 2020-இல் அந்த நிறுவனமே 210 கோடி டாலருக்குக் கைமாறியது. 2024-இல் மறுபடி விற்கப்பட்டபோது விலை 150 கோடி.

கையில் முதல் இல்லாமல் கொஞ்சமாகச் செய்வது வேறு, அடுத்தவரை ஏங்க வைப்பதற்காகக் கொஞ்சமாகச் செய்வது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடைவாசலில் "தீர்ந்துவிட்டது" என்று எழுதும்போது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏக்கத்தை விற்றுப் பழகிவிட்டால், சட்டை நன்றாக இருக்கிறதா என்ற கவலை மெல்லப் போய்விடும்.

கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, "அந்தப் பூனை போட்ட கறுப்பு டீ-ஷர்ட் இன்னொரு தடவை அடிப்பீங்களாங்ணா?" என்று கேட்டான். முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் அளவு வாங்கிக்கொண்டு அடிப்பதாகச் சொன்னேன். இப்போதெல்லாம் இதுதான் வழக்கம். அலமாரியில் தேங்காது, வேண்டியவரும் வெறுங்கையோடு போவதில்லை. "இனிமேல் வராது" என்று சொல்லி எதையும் விற்பதில்லை.

இதிலும் நஷ்டம் உண்டு. முதல் தடவையே வாங்கிய ஒருவர், "நம்மகிட்ட மட்டும் இருக்கும்னு நெனச்சேன்" என்று முகம் சுளித்தார். அவர் சட்டையில் ஒரு நூல்கூடக் குறையவில்லை, சாயமும் போகவில்லை. இன்னொருவன் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். அதிலேயே மதிப்புப் போய்விட்டதென்றால், அவர் வாங்கியது நான் விற்ற சட்டையை அல்ல. அந்த மாதிரி வாடிக்கையாளர் கொஞ்சம் பேர் குறைந்தாலும் கடை வாடகை கட்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.